வெள்ளைக் கடல் அட்டை: பாதியில் வளர்ச்சி நின்றது ஏன்?

கேள்வி: ஆழமில்லாத கடற்பகுதியில் 20 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலத்தில் வலை அடைப்பு கட்டி, 800 வெள்ளை அட்டைக் (கடலடி மண்ணில் வாழும் கடல் அட்டை வகை) குஞ்சுகளை விட்டேன். விடும்போது ஒவ்வொன்றும் சுமார் 10 கிராம். ஐந்து மாதத்தில் 110 கிராம் வரை வந்தன. அதன்பின் இரண்டு மாதமாக எடை ஏறவில்லை. காலையில் போய்ப் பார்த்தால் பாதிகூடக் கண்ணில் படவில்லை. தப்பிவிட்டனவா? தவிடு அல்லது கோழித் தீவனம் போடலாமா?

பதில்: தீவனம் எதுவும் போடாதீர்கள். மற்றதையெல்லாம் சரிசெய்ய வழியிருக்கிறது. அடைப்புக்குள் மண் கெட்டுப்போனால் அதை மீட்பது பெரும்பாடு.

வெள்ளை அட்டை (ஹோலோதூரியா ஸ்காப்ரா) வாயைச் சுற்றியுள்ள குட்டையான உணர்கொம்புகளால் மேல்மண்ணை அள்ளி விழுங்குகிறது. மணல் அப்படியே பின்வழியாக வெளியே வந்துவிடும். அந்த மணல்துகள்களில் ஒட்டியிருக்கும் பாக்டீரியா, நுண்பாசி, மக்கிய கடற்புல் துணுக்குகள் ஆகியவைதான் அதற்கு உணவு. இந்த உணவு இருப்பது மண்ணின் மேலுள்ள சில மில்லிமீட்டர் அடுக்கில் மட்டும். ஆகவே உங்கள் அடைப்பில் எவ்வளவு அட்டை வளரும் என்பதைத் தீர்மானிப்பது தரைப்பரப்புதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 400 சதுர மீட்டரில் 800 அட்டை என்றால் சதுர மீட்டருக்கு இரண்டு. தலா 110 கிராம் ஆனபோது சதுர மீட்டருக்கு 220 கிராம் எடை சேர்ந்துவிட்டது. இயற்கை மண்ணை மட்டும் நம்பி வளர்க்கும் பல இடங்களில் சதுர மீட்டருக்கு 200 முதல் 250 கிராமைத் தொட்டதும் வளர்ச்சி நின்றுவிடுகிறது. வளமான மண் சில இடங்களில் இதைவிடக் கூடுதலாகத் தாங்கும். உங்கள் மண் இவ்வளவுதான் தாங்கும் என்று அட்டைகளே காட்டிவிட்டன. நோய் இல்லை, இட நெருக்கடிதான்.

தலா 350, 400 கிராம் வரை வளர்க்க நினைத்தால் இந்த அடைப்பில் 200 முதல் 250 அட்டைதான் இருக்க வேண்டும். மீதியை வேறு அடைப்புகளுக்கு மாற்றுங்கள். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்துக்கொண்டு காத்திருந்தால் மாதங்கள்தான் ஓடும்.

காணாமல் போனவை பற்றி: காலை எண்ணிக்கையை நம்பாதீர்கள். இந்த இனம் மண்ணுக்குள் புதைந்து இருப்பதும் வெளியே வந்து மேய்வதும் தினசரி வழக்கம். சிறு குஞ்சுகள் விடியலில் புதைந்து அந்தியில் எழும். வளர்ந்தவற்றுக்கு வெளிச்சத்தோடு நீரின் வெப்பமும் சேர்ந்து நேரத்தைத் தீர்மானிக்கும். காலையில் புதைந்து கிடப்பவை மதியத்துக்குப் பின் தலைகாட்டலாம். இருட்டியபின் விளக்கோடு இறங்கி எண்ணுங்கள். கூடவே அடைப்பின் பல மூலைகளிலும் நடுவிலும் ஒரு சதுர மீட்டர் அளவு மண்ணைக் கையால் மெதுவாகத் துழாவிப் பாருங்கள். அப்போதும் எண்ணிக்கை குறைந்தால் வலையின் அடிப்பகுதியைச் சோதியுங்கள். அது குறைந்தது ஒரு சாண் ஆழம் மண்ணுக்குள் போயிருக்க வேண்டும். விட்ட முதல் மாதங்களில் நண்டு தின்றிருக்கவும் வாய்ப்புண்டு. 10 கிராம் குஞ்சின் மெல்லிய தோலைக் கிழிப்பது நண்டுக்கு எளிது.

புது அடைப்புக்கு இடம் தேடும்போது மண்ணில்தான் முழுக் கவனமும் இருக்க வேண்டும். கடற்புல் வளர்ந்த, சேறு கலந்த மணல்தரை இதற்குப் பிடித்த இடம். அலையாத்தி மரங்களுக்கு அருகில், பேரலை அடிக்காத கடற்கழிகளில் இது அதிகம் கிடைப்பது அதனால்தான். கால் கணுக்கால்வரை புதையும் வெறும் சேறு ஆகாது. ஓட்டம் அலசிவிட்ட சுத்தமான வெள்ளை மணலிலும் சத்து இருக்காது. மண்ணின் மேல் மெல்லிய பழுப்புப் படலம் தெரிந்தால் நல்லது, அது நுண்பாசி. விரலால் கிளறியவுடனே கருப்பாகி அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். தவிடும் கோழித் தீவனமும் தேங்கி அழுகினால் உங்கள் மண்ணும் இப்படித்தான் ஆகும்.

அடைப்புக்குள் இருக்கும் கடற்புல்லைத் தயவுசெய்து பிடுங்காதீர்கள். அட்டை பார்க்க வசதியாக இருக்கும் என்று சிலர் தரையை மொட்டையடிக்கிறார்கள். பார்க்கும்போது மனம் பதறுகிறது. முட்டையிலிருந்து வரும் இளவுயிரி சுமார் இரண்டு வாரம் மிதந்து திரிந்தபின் இறங்கி ஒட்டுவது கடற்புல் இலையில்தான். ஓரளவு வளர்ந்த பின்புதான் மணலுக்கு இறங்கும். ஆணும் பெண்ணும் விந்தையும் முட்டையையும் நீரிலேயே விடுவதால், முதிர்ந்த அட்டைகள் நெருங்கி வாழும் இடத்தில்தான் கரு உருவாகும். கடலில் அளவுமீறி வாரியதால் இந்த இனம் உலக அளவில் அழிவபாயப் பட்டியலில் இருக்கிறது. உங்கள் அடைப்பில் 200 கிராமைத் தாண்டி முதிரும் அட்டைகள் சுற்றுக்கடலுக்கும் விதை கொடுக்கக்கூடியவை.

இடம் மாற்றுவதை வெயில் ஏறுமுன் செய்யுங்கள். நல்ல கடல்நீரில், நிழலில், ஒன்றன்மேல் ஒன்று குவியாமல் கொண்டுபோங்கள். அதிர்ச்சியடைந்த அட்டை குடலையே வெளியே தள்ளிவிடும். குடல் மறுபடி வளரும், ஆனால் அதுவரை தின்னாமல் மெலியும். பெருமழை பெய்து நன்னீர் கலக்கும் நாட்களில் கையே வைக்காதீர்கள். உப்பு குறையும்போது அவை மண்ணுக்குள் போய்விடும், அடுத்தடுத்து மழை நீடித்தால் சாகவும் செய்யும். ஆற்றுமுகத்துக்கு நேரே புது அடைப்பு போட வேண்டாம் என்பதற்கும் இதுவே காரணம்.

எடை பார்க்கும்போது உடலிலுள்ள நீரை வடியவிட்டு, எப்போதும் ஒரே நேரத்தில், ஒரே முறையில் நிறுங்கள். குடலில் மணல் நிரம்பியிருந்தால் எடை கூடித் தெரியும். நீளத்தை அளக்க வேண்டாம், தொட்டவுடன் சுருங்கிவிடும். எண்ணிக்கையைக் குறைத்து ஆறு வாரம் கழித்து முப்பது அட்டைகளை நிறுத்துப் பாருங்கள். சராசரி மறுபடி ஏறத் தொடங்கியிருந்தால் அதே எண்ணிக்கையை வைத்துக்கொள்ளுங்கள். ஏறவில்லையென்றால் இன்னும் ஐம்பதை எடுத்துவிடுங்கள்.