வீட்டிலேயே பழைய உடுப்பைப் பிரித்துப் புதுசாகத் தைக்க முடியுமா?

தையல் மெஷின் வாங்கியாயிற்று, பீரோ நிறையப் பழைய துணி இருக்கிறது, எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக முடியும். ஆனால் கத்தரிக்கோலை எடுக்கும் முன் ஜன்னலைத் திறங்கள்.

நான் முதலில் வெட்டியது என் கல்யாணத்துக்கு வந்த ஒரு சுங்குடிச் சேலை. கலர் மங்கவே இல்லை. அதை நம்பி சுடிதார் டாப் தைத்தேன். கழுத்து, கை எல்லாம் அளவாக வந்துவிட்டது, ஒரே பெருமை. இரண்டாம் தடவை போட்டுக்கொண்டு பாம்பனில் பஸ் ஏறும்போது கம்பியைப் பிடிக்கக் கையைத் தூக்கினேன். முதுகில் சர்ரென்று ஒரு சத்தம். தையல் விட்டிருந்தாலாவது பரவாயில்லை. தையல் அப்படியே நிற்க, பக்கத்தில் துணி கிழிந்துவிட்டது. ராமநாதபுரம் போய்த் திரும்பும்வரை ஷாலைப் போர்த்திக்கொண்டே இருந்தேன், சித்திரை வெயிலில்! வீட்டுக்கு வந்து மிச்சச் சேலையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், உட்காருகிற இடம் கொசுவலை மாதிரி தெரிகிறது. கொசுவம் வைக்கிற பக்கம் திடமாகத்தான் இருந்தது. நான் முதுகுக்கு வெட்டியது கொசுவலையிலிருந்து.

அதனால் இப்போது என்ன தைக்கலாம் என்று முதலில் யோசிப்பதில்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன், இரண்டு கட்டை விரலாலும் இழுத்துப் பார்ப்பேன், இற்றுப்போனதைச் சாக்பீஸால் சுழித்து ஒதுக்குவேன். சட்டை என்றால் அக்குளும் காலர் மடிப்பும்தான் முதலில் போகும். மிஞ்சுவது ஒரு மீட்டர் என்றால் பிள்ளைக்குப் பாவாடை, அரை மீட்டர் என்றால் தலையணை உறை.

எங்கள் வீட்டில் இந்த வேலை பெரும்பாலும் மீன்பிடித் தடைக்காலத்தில் நடக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. வருமானம் குறைந்திருக்கிற அந்த நேரத்தில்தான் பள்ளிக்கூடமும் திறக்கும். வீட்டுக்காரர் சட்டைகள் மகளுக்குக் கவுனாவது அப்போதுதான்.

புதிதாகத் தைப்பவர்களுக்கு அதுதான் நல்ல ஆரம்பம். காரணம், பட்டன் பட்டி. காஜா எடுக்கத் தெரியாவிட்டாலும் கவலையில்லை, சட்டையில் ஏற்கெனவே இருக்கிறது. சட்டையை முன்பின்னாகத் திருப்பிவிடுங்கள்: பட்டன் வரிசை கவுனின் முதுகுக்குப் போகும், சட்டையின் முதுகு முன்பக்கமாகிவிடும். பிள்ளைக்குச் சரியாக இருக்கும் ஒரு கவுனை மேலே வைத்து, கவுனின் அடிமடிப்பும் சட்டையின் அடிமடிப்பும் சேர்கிற மாதிரி வரைந்துகொள்ளுங்கள். அடியை மறுபடி மடித்துத் தைக்கிற வேலையும் மிச்சம். சுற்றிலும் அரை அங்குலம், பக்கவாட்டில் மட்டும் ஒரு அங்குலம் விட்டு வெட்டினால் அடுத்த வருஷம் பிரித்துவிடலாம். ஐந்து வயசுப் பிள்ளைக்கு மார்பு 23, 24 அங்குலம்தான் இருக்கும். பெரியவர் சட்டையில் துணி தாராளம்.

பாக்கெட்டைப் பிரித்தால் அடியில் சதுரமாக ஒரு இடம் மட்டும் கடைக் கலரிலேயே இருக்கும். மற்றதெல்லாம் எவ்வளவு வெளுத்துவிட்டது என்று அப்போதுதான் தெரியும். ஒருமுறை அது உறுத்தியதால் பாக்கெட்டைத் திரும்ப அங்கேயே வைத்துத் தைத்தேன். “முதுகுல யாரும்மா பாக்கெட் வைப்பாங்க?” என்றாள் மகள். அப்புறம் அதில் மிட்டாய் வைத்துக்கொண்டு, எடுத்துத் தரச் சொல்லி என்னிடமே வந்து நிற்பாள்.

ஜீன்ஸைக் கொஞ்ச நாள் தொடாதீர்கள். மடிப்பு விழுந்த இடத்தில் ஊசி முறியும். சாதாரணக் காட்டனுக்கு 14-ஆம் நம்பர் ஊசி போதும்.

கடலோரக்காரர் என்றால் இன்னொன்று. 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தையே அரித்த உப்புக் காற்று இது, மெஷினில் அடிநூல் வைக்கிற பாபின் கேஸ் எம்மாத்திரம். எண்ணெய் விட்டுக்கொண்டே இருங்கள். பிளாஸ்டிக் உறை போட்டால் உள்ளே வேர்க்கும், பழைய வேட்டியால் மூடுங்கள். தைக்க உட்கார்ந்ததும் முதலில் ஒரு வெள்ளைக் கழிவுத் துணியில் ஓட்டிப் பாருங்கள். துருவும் எண்ணெய்யும் அதில் போய்விடும்.

முழுக்கைச் சட்டையில் கை இரண்டும் மிஞ்சும். நான் அவற்றை வெட்டுவதே இல்லை. பக்கத்து வீட்டுச் சித்தி பாசி எடுக்கப் போகிறவர். கடலுக்குள் பாறையைத் தடவிப் பறிக்கும்போது விரல் கிழியாமல் இருக்கத் துணி சுற்றிக்கொள்வார்கள். மெஷின் சத்தம் கேட்டாலே வாசலில் வந்து நிற்பார்.

“கை ரெண்டையும் எனக்குப் போடு பிள்ள. நைலானா இருந்தா வேணாம், தண்ணிக்குள்ள வழுக்கும்.”