சிக்கனம், அடக்கம், பொறுமை: செட்டிநாட்டுப் பெண்களின் கேள்விகள்

காரைக்குடியில் குடும்ப வழக்குகளை நடத்திவரும் பெண் வழக்குரைஞர் ஒருவர் விடையளிக்கிறார்.

கேள்வி (கானாடுகாத்தான்): வக்கீலம்மா, என் கணவர் சிங்கப்பூரில் இருக்கிறார். பால் வாங்கிய காசுவரை ஒவ்வோர் இரவும் கணக்கைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். பத்து ரூபாய் இடித்தாலும் மறுமாதப் பணம் வராது. "நம் வீட்டுப் பெண்கள் சிக்கனமானவர்கள்" என்கிறார் மாமியார். நான் ஊதாரியா?

பதில்: இல்லையம்மா. சிக்கனம் நம் ஊரின் பெருமைதான். ஆனால் அது எப்படி வந்த பெருமை என்று பாருங்கள். ஆண்கள் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் வணிகத்துக்காகக் கொண்டுவிக்கப் போய் ஆண்டுக்கணக்கில் திரும்பாதிருந்த காலத்தில், வீட்டையும் வரவு செலவையும் கட்டிக்காத்தவர்கள் பெண்கள். மணமான மகனையும் மருமகளையும் 'வேறு வைத்து', ஒரே வீட்டுக்குள் தனி அடுப்பும் தனிக் கணக்கும் கொடுப்பது நகரத்தாரின் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின்) வழக்கம். அந்த வீடுகளில் கணக்கு எழுதியவளே செலவையும் முடிவு செய்தாள். உங்களுக்கோ எழுதும் வேலை மட்டுமே இருக்கிறது. ஒரு முழம் பூ வாங்கும் முடிவுகூட உங்களிடம் இல்லை. இதற்குச் சிக்கனம் என்று பெயர் வைக்க நான் சம்மதிக்க மாட்டேன். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, உடல், பாலியல், சொல் மற்றும் மனம் சார்ந்த வன்முறைகளோடு, வீட்டுத் தேவைக்கான பணத்தை மறுக்கும் பொருளாதார வன்முறையையும் சேர்த்தே சொல்கிறது. பணம் நிறுத்தப்பட்ட மாதங்களின் செய்திகளை அழிக்காமல் வைத்திருங்கள்.

கேள்வி (தேவகோட்டை): பாதுகாப்புக்கு என்று வளவில், அதாவது வீட்டின் உள்முற்றத்தில், கேமரா வைத்திருக்கிறார்கள். நான் வாசலுக்குப் போனால் உடனே கணவரிடமிருந்து அழைப்பு வருகிறது. படி தாண்டாமல் இருப்பதுதானே அடக்கம் என்கிறார்கள்.

பதில்: என்னிடம் வந்த ஒரு பெண்ணை நினைத்துக்கொள்கிறேன். பிள்ளையார்பட்டிக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வந்திருந்தார். பேசி முடித்து எழுந்தவர், வெறும் கையோடு வீடு திரும்ப முடியாதென்று, என் மேசையில் இருந்த திருநீற்றில் கொஞ்சம் எடுத்துத் தாளில் மடித்துக்கொண்டார். அவரை ஊரே அடக்கமான பெண் என்று புகழ்ந்தது. திருடனுக்காக வைத்த கேமரா தெருவைப் பார்க்கும். உங்கள் வீட்டுக் கேமரா உங்களைப் பார்க்கிறது.

கேள்வி (கண்டனூர், ஆண்): என் மனைவி தன் விருப்பப்படிதான் அடங்கி நடக்கிறாள். இதில் என்ன குற்றம்?

பதில்: அவர் கடைசியாக உங்களிடம் 'முடியாது' என்று சொன்னது எப்போது, அன்று நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதை எண்ணிப் பாருங்கள். அப்படி ஒரு நாளே நினைவுக்கு வரவில்லை என்றால், விருப்பம் என்ற சொல்லை நீங்கள் பயன்படுத்த வேண்டாம்.

கேள்வி (பள்ளத்தூர், தாய்): மகளை மாப்பிள்ளை அடிக்கிறார். "அடிக்கிற கைதான் அணைக்கும்" என்று நானே இருமுறை திருப்பி அனுப்பிவிட்டேன். இப்போது பயமாக இருக்கிறது.

பதில்: ஆச்சி, அந்தப் பயம் சரியானது, அதைக் கேளுங்கள். பொறுமை என்று நாம் மகளிடம் கேட்டதற்கு, அவள் உடம்புதான் விலை கொடுத்திருக்கிறது. காயம் இருந்தால் அரசு மருத்துவமனையில் காட்டிப் பதிவு செய்யுங்கள். 181 என்ற உதவி எண்ணுக்கு எந்நேரமும் பேசலாம். அவளுடைய போனைக் கணவர் பார்ப்பார் என்றால் வேறொருவர் போனிலிருந்து பேசச் சொல்லுங்கள். மகளிர் காவல் நிலையத்திலோ, மாவட்டச் சமூகநலத் துறையின் பாதுகாப்பு அலுவலரிடமோ புகார் கொடுக்கலாம். புகுந்த வீடு அவள் பெயரில் இல்லாவிட்டாலும், அங்கே குடியிருக்கும் உரிமையை முன்பு சொன்ன 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அவளுக்குத் தருகிறது. நீங்கள் கொடுத்த நகையும் சாமான்களும் அவளுடைய சொத்து என்பதை உச்ச நீதிமன்றம் 1985இலேயே உறுதி செய்துவிட்டது. கல்யாணத்தில் சீர்ச் சாமான்களைப் பரப்பி வைத்தபோது எடுத்த படங்களையும், எழுதிய பட்டியலையும் எடுத்து வையுங்கள். வழக்குக்கு ஏழ்மையைக் காட்ட வேண்டியதில்லை. எந்தப் பெண்ணுக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்குரைஞரைத் தரும்.

இவற்றுக்கெல்லாம் முன்பாக, இன்றைக்கே அவளோடு ஒரு சொல் பேசி வைத்துக்கொள்ளுங்கள். "ஆயாவுக்கு உடம்பு எப்படி இருக்கிறது?" என்று அவள் போனில் கேட்டால், மறுகேள்வி கேட்காமல் கார் எடுத்துக்கொண்டு போய் அழைத்து வந்துவிடுங்கள்.