பதிந்தாயிற்று, தேடினால் காணோம்: யூடிடிஐ கேள்வி-பதில்

கே: எங்கள் வெப் சர்வீஸை (நெட்வொர்க் வழியாக மற்ற புரோகிராம்கள் அழைக்கும் சேவை) யூடிடிஐ ரெஜிஸ்ட்ரியில், அதாவது இத்தகைய சர்வீஸ்களின் பதிவேட்டில், பதிய வேண்டும். சர்வீஸை எப்படி அழைப்பது என்று விவரிக்கும் விஸ்டில் ஃபைலை எங்கே அப்லோட் செய்வது? அப்படி ஒரு வசதியே கண்ணில் படவில்லை.

ப: படாது, ஏனென்றால் இல்லை. ரெஜிஸ்ட்ரி ஒரு முகவரிப் புத்தகம்தான். ஃபைல் எங்கே இருக்கிறது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளும். ஃபைலை உங்கள் சர்வரிலேயே வைத்துவிட்டு முதலில் ஒரு டீமாடல் (இன்டர்ஃபேஸை, அதாவது அழைக்கும் முறையை, அடையாளம் காட்டும் பதிவு) பதியுங்கள், அதன் ஓவர்வியூ யூஆர்எல்லில் ஃபைலின் முகவரியைக் கொடுங்கள். அப்புறம் பிசினஸ் என்டிட்டி (உங்கள் நிறுவனத்தின் பதிவு), அதற்குள் சர்வீஸ், அதற்குள் பைண்டிங் டெம்ப்ளேட் (சர்வீஸை எங்கே, எப்படி அழைப்பது என்ற பதிவு). சர்வீஸை அழைக்கும் முகவரியும் டீமாடலின் கீயும் (அடையாளக் குறி) இந்தக் கடைசிப் பெட்டியில்தான் சேர வேண்டும். பலர் டீமாடலை விட்டுவிட்டு, விளக்கத்தில் ‘இது ஆர்டர் எடுக்கும் சர்வீஸ்’ என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். மனிதர்கள் படித்துக்கொள்வார்கள், புரோகிராம் அதை வைத்துக்கொண்டு என்ன செய்யும்?

கே: பழைய ரெஜிஸ்ட்ரியில் ‘ஆர்டர்’ என்று தேடினால் அந்தச் சொல்லில் தொடங்கும் எல்லா சர்வீஸும் வரும். யூடிடிஐ 3-ஆம் பதிப்புக்கு மாறியதும் ஒன்றுகூட வரவில்லை. டேட்டா போய்விட்டதா?

ப: எங்கும் போகவில்லை. 2-ஆம் பதிப்பில் பெயரின் தொடக்கம் பொருந்தினாலே போதும். 3-இல் நாமாகக் கேட்காவிட்டால் முழுப் பெயரும் அப்படியே பொருந்த வேண்டும். எப்படித் தேடுவது என்று சொல்லும் ஃபைண்ட் குவாலிஃபையரில் ‘அப்ராக்சிமேட் மேட்ச்’ சேர்த்து, பெயரின் முடிவில் % குறி போட்டுப் பாருங்கள். இது தெரியாமல் நான் ஒரு நாள் முழுக்க பேக்கப் எடுத்தவரைத் திட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், பாவம் அவர். சரி, பெயரை நம்பித் தேடுவதே எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. ஆளுக்கு ஒரு பெயர் வைப்பார்கள். டீமாடல் கீயைக் கொடுத்து, ‘இந்த இன்டர்ஃபேஸில் இயங்கும் சர்வீஸ்கள் எவை’ என்று கேட்டால் பெயர்க் குழப்பமே வராது.

கே: சர்வரை மாற்றினோம், ரெஜிஸ்ட்ரியில் புது முகவரியும் போட்டுவிட்டோம். ஆனாலும் கிளையன்ட்கள் (சர்வீஸை அழைக்கும் புரோகிராம்கள்) பழைய இடத்தையே தட்டுகின்றன. அப்புறம் ரெஜிஸ்ட்ரி எதற்கு?

ப: குறை ரெஜிஸ்ட்ரியில் இல்லை, கிளையன்ட் எழுதியவரிடம் இருக்கிறது. ஒவ்வொரு அழைப்புக்கும் ரெஜிஸ்ட்ரியைக் கேட்கச் சொல்லவில்லை, அது வீண் சுமை. முதல் தடவை பைண்டிங் டெம்ப்ளேட்டை எடுத்து, அதன் கீயோடு கேஷில் (தற்காலிகச் சேமிப்பில்) வைத்துக்கொள்ள வேண்டும். அழைப்பு தோற்றால் அதே கீயை வைத்து ‘கெட் பைண்டிங் டீடெயில்’ கேட்டு, வந்த முகவரி கையில் இருப்பதிலிருந்து மாறியிருந்தால் புதியதில் மறுபடி முயல வேண்டும், மாறவில்லை என்றால் சர்வீஸே படுத்துவிட்டது என்று பிழை காட்ட வேண்டும். உங்கள் கிளையன்ட்டில் முகவரியை மட்டும் கான்ஃபிக் ஃபைலில் ஒட்டிவிட்டு, கீயைத் தூக்கி எறிந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். திறந்து பாருங்கள்.

கே: எல்லாருக்கும் பொதுவான ரெஜிஸ்ட்ரியில் பதியலாமா?

ப: காலம் கடந்துவிட்டது. ஐபிஎம், மைக்ரோசாஃப்ட், அரிபா மூன்றும் 2000-இல் தொடங்கிவைத்த திட்டம் அது. பொதுப் பதிவேட்டை 2006 ஜனவரியில் மூடிவிட்டார்கள். முன்பின் தெரியாத நிறுவனத்தை ஒரு புரோகிராமே தேடிப் பிடித்து வியாபாரம் பேசிவிடும் என்று நம்பியதுதான் கோளாறு என்பது என் கருத்து. ஒரே நிறுவனத்துக்குள், பதிந்தவர் பக்கத்து சீட்டில் இருக்கும்போது, இதே ஏற்பாடு ஒழுங்காக ஓடுகிறது.

கே: டீமாடலை டெலிட் செய்தேன். இன்னமும் கீயைக் கொடுத்தால் வருகிறதே?

ப: வரத்தான் செய்யும். டீமாடலை டெலிட் செய்தால் தேடலில் மட்டும் மறையும். அதைச் சுட்டிக்கொண்டிருக்கும் மற்றவர்களின் சர்வீஸ்கள் அந்தரத்தில் நிற்கக் கூடாதே!