வேர்டு, எக்செல் கோப்புகளில் ஒளிந்திருக்கும் ஓட்டைகள்: கேள்வி பதில்

சிறிய அலுவலகங்களின் கணினிகளைப் பராமரிப்பது என் வேலை. கடந்த வாரம் ஆஃபீஸ் மென்பொருளின் பாதுகாப்பு பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் பலருக்கும் பயன்படும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கணித ஆசிரியை ஒருவர்: பழைய வினாத்தாளில் உள்ள சமன்பாட்டைச் சொடுக்கினால் ‘மைக்ரோசாஃப்ட் ஈக்வேஷன் இல்லை’ என்று வருகிறது. பழைய கணினியிலிருந்து அந்த நிரலை மட்டும் பென் டிரைவில் கொண்டுவந்து போட்டுத் தருவதாகக் கடைத் தம்பி சொல்கிறார். செய்யலாமா சார்?

தயவுசெய்து வேண்டாம் டீச்சர். வந்த கேள்விகளிலேயே என்னை அதிகம் பதற வைத்தது இதுதான்.

அது ஈக்வேஷன் எடிட்டர் 3.0. டிசைன் சயின்ஸ் என்ற நிறுவனம் எழுதியது, ஆஃபீஸோடு சேர்ந்தே வந்தது. 2000 நவம்பரில் உருவாக்கிய அதே கோப்பு 17 வருடம் பதிப்புக்குப் பதிப்பு கூடவே வந்துகொண்டிருந்தது. ஆஃபீஸ் 2007இலேயே வேர்டுக்குள் புதிய சமன்பாட்டு வசதி வந்துவிட்டது. ஆனாலும் பழைய ஆவணங்களைத் திருத்த வேண்டுமே என்று இதை விட்டுவைத்தார்கள்.

2017இல் எம்பெடி என்ற நிறுவனத்தினர் அதைப் பிரித்துப் பார்த்தார்கள். சமன்பாட்டில் உள்ள எழுத்துருவின் பெயரை நினைவகத்தின் ஒரு சின்ன இடத்தில் அது நகலெடுக்கிறது. பெயர் எவ்வளவு நீளம் என்று பார்ப்பதே இல்லை. படியில் மரக்கால் நெல்லைக் கொட்டினால் சிந்தத்தானே செய்யும்? அப்படிச் சிந்தி விழும் இடத்தில்தான் திருடன் தன் கட்டளையை வைக்கிறான். இன்றைய நிரல்களில் நினைவக முகவரிகளைக் கலைத்துப்போடுவது போன்ற தடுப்புகள் உண்டு. 2000இல் செய்த நிரலில் அவை இல்லை. தவிர, அது வேர்டுக்கு வெளியே தனியாக ஓடுவதால் வேர்டின் காவலும் அதற்குக் கிடைக்காது.

2017 நவம்பரில் அந்த ஓட்டையை அடைத்தார்கள். மென்பொருள் ஓட்டைகளுக்கான பொதுப் பட்டியலில் சிவிஇ-2017-11882 என்பது அதன் எண். அடுத்து அதே நிரலில் வேறு ஓட்டை தெரிந்ததும், 2018 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் நிரலையே நீக்கிவிட்டது. அதற்குப் பிறகும் பல வருடங்கள் ‘இன்வாய்ஸ்’, ‘பர்சேஸ் ஆர்டர்’ என்ற பெயரில் வரும் கோப்புகள் இந்த ஓட்டையைத் தேடிக்கொண்டே இருந்தன. அதை நீங்களே திரும்பக் கொண்டுவந்து வைக்கக் கூடாது.

உங்கள் பழைய சமன்பாடுகள் திரையில் தெரியும், அச்சும் ஆகும், திருத்தத்தான் முடியாது. ஆல்ட் விசையையும் சமக்குறியையும் சேர்த்து அழுத்தினால் புதிய எடிட்டர் திறக்கும். தேவையானவற்றை மட்டும் அதில் மறுபடி அடித்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் உழைப்புதான், ஆனால் ஒருமுறை செய்தால் போதும்.

ஆடிட்டர் அலுவலக ஊழியர்: முன்பு எக்செல்லில் மஞ்சள் பட்டை வரும், ‘எனேபிள் கன்டென்ட்’ அழுத்திவிடுவோம். இப்போது சிவப்புப் பட்டை வருகிறது, அழுத்த பொத்தானே இல்லை. என்ன காரணம்?

மேக்ரோ என்பது கோப்புக்குள் இருக்கும் நிரல். 1999 மார்ச்சில் மெலிசா வைரஸ் ஒரு வேர்டு மேக்ரோவாகத்தான் வந்தது. திறந்தவரின் அவுட்லுக் என்ற மின்னஞ்சல் நிரலின் முகவரிப் பட்டியலில் முதல் 50 பேருக்குத் தன்னையே அனுப்பியது. அதன் பிறகு 20 வருடங்களுக்கு மேல் மஞ்சள் பட்டை போன்ற எச்சரிக்கைகளை நம்பியே காலம் ஓடியது. அவசரத்தில் எல்லோரும் அனுமதியை அழுத்திக்கொண்டே இருந்தோம். 2022இல்தான் இணையத்திலிருந்து வரும் கோப்புகளின் மேக்ரோக்களை அடியோடு தடுத்தார்கள்.

இறக்கிய கோப்பில் ‘இது வெளியிலிருந்து வந்தது’ என்று விண்டோஸ் ஒரு முத்திரை குத்துகிறது. சிவப்புப் பட்டை அந்த முத்திரையைப் பார்த்துத்தான் வருகிறது. ஆனால் சாதாரண பென் டிரைவில் போட்டு வேறு கணினிக்குக் கொண்டுபோனால் முத்திரை அழிந்துவிடும். ஆகவே பட்டை வரவில்லை என்பதற்காக நம்பிவிடாதீர்கள். அனுப்பிய வாடிக்கையாளருக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கள்.

கல்லூரி மாணவர்: அண்ணா, மேக்ரோவை நான் அனுமதிப்பதே இல்லை. அப்போ நான் பாதுகாப்பாகத்தானே இருக்கிறேன்?

பெரிய பாதி ஆபத்து குறைந்தது, தம்பி. மீதியைப் புரிந்துகொள்ள 2022 மே மாதம் வெளிவந்த ஃபோலினா என்ற ஓட்டையைப் பாருங்கள். அதில் மேக்ரோவே இல்லை. வேர்டு கோப்பு வெளியிலிருந்து ஒரு வலைப்பக்கத்தை இழுக்கும். அந்தப் பக்கம், விண்டோஸில் பழுது பார்ப்பதற்காக இருந்த எம்எஸ்டிடி என்ற கருவியை அழைத்து, அதன் மூலம் கட்டளைகளை ஓட்டிவிடும். கோப்பு ஆர்டிஎஃப் (.rtf) என்ற வடிவில் இருந்தால், கோப்புறையில் முன்னோட்டமாகப் பார்த்தாலே போதும். ஜூன் 14 அன்றுதான் திருத்தம் வந்தது. இப்படிப்பட்டதற்கு அப்டேட் ஒன்றே மருந்து. ‘பிறகு நினைவூட்டு’ என்று தள்ளிப்போடாதே.

ஒரு வாசகி: மின்னஞ்சலைத் திறக்காமலே ஏதாவது நடக்குமா?

நடந்திருக்கிறது. 2023 மார்ச்சில் திருத்திய ஓர் ஓட்டை விண்டோஸுக்கான அவுட்லுக்கில் இருந்தது. நினைவூட்டல் ஒலிக்கான கோப்பு எங்கே என்பதை அனுப்புபவரே குறிக்கலாம். அங்கே எதிரியின் கணினி முகவரியைப் போட்டால், அவுட்லுக் தானாகவே அங்கே போய், கடவுச்சொல்லுக்கு ஈடான ஒரு தடயத்தைக் கொடுத்துவிடும். நீங்கள் எதையும் தொட வேண்டியதே இல்லை.

டிடிபி நிலையம் நடத்துபவர்: நாங்கள் பயன்படுத்துவது இலவச மென்பொருளான லிப்ரே ஆஃபீஸ்தான். அதில் இதெல்லாம் கிடையாதுதானே?

அதிலும் உண்டு ஐயா. சிவிஇ-2018-16858 என்ற ஓட்டையில், ஆவணத்திலுள்ள இணைப்பின் மேல் மவுஸை நகர்த்தினாலே கணினியிலிருந்த பைத்தான் என்ற நிரல்மொழிக் கோப்பு ஒன்றின் வழியே கட்டளை ஓடியது. 6.0.7, 6.1.3 பதிப்புகளில் சரிசெய்துவிட்டார்கள். ஆனால் ஒருமுறை நிறுவியதை அப்படியே வருடக்கணக்கில் விட்டுவிடுகிறோமே, அதுதான் பிரச்சினை. நல்ல மென்பொருள், புதிய பதிப்பை இறக்கிப் பயன்படுத்துங்கள்.

சிறு நிறுவன உரிமையாளர்: ஆஃபீஸ் 2016 நன்றாகத்தான் ஓடுகிறது. ஏன் மாற்ற வேண்டும்?

2016, 2019 இரண்டுக்குமே 2025 அக்டோபர் 14 அன்று ஆதரவு முடிந்துவிட்டது. இனி தெரியவரும் ஓட்டைகளுக்கு வழக்கமான திருத்தங்கள் வராது. பணம் கட்ட வசதியில்லை என்றால் லிப்ரே ஆஃபீஸுக்கு மாறுங்கள். ‘ஆக்டிவேட்டர்’ போட்ட கள்ளப் பிரதி மட்டும் வேண்டாம். ஆன்டிவைரஸை அணைத்தால்தான் ஓடும் என்று சொல்லும் ஒன்றை எப்படி நம்புவது?

பெயர் வேண்டாம் என்றவர்: நேற்று சந்தேகமான கோப்பு ஒன்றைத் தெரியாமல் திறந்துவிட்டேன். கருப்புத் திரை ஒன்று மின்னி மறைந்தது. முதலாளியிடம் சொல்லப் பயமாக இருக்கிறது.

இன்றே சொல்லுங்கள். எனக்குத் தெரிந்த ஓர் அலுவலகத்தில் பயந்து மறைத்தார்கள். மூன்றாம் நாள் பொதுக் கோப்புறை முழுவதும் பூட்டிக்கொண்டது. முதலில் நெட் கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள். அந்தக் கணினியில் பென் டிரைவ் எதையும் செருகாதீர்கள். மின்னஞ்சல், வங்கிக் கடவுச்சொற்களை வேறு சாதனத்திலிருந்து மாற்றுங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள். முதலாளியிடம் பேசத் தயக்கமாக இருந்தால் எனக்கு எழுதுங்கள், நானே அவரிடம் பேசுகிறேன்.