பசியாறினீர்களா என்று கேட்கும் மகள்

அன்புள்ள ஆலோசகர் அவர்களுக்கு,

நான் சுங்கை சிப்புட்டில் வசிக்கும் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை, வயது 63. என் கணவர் செம்பனைத் தோட்டத்தில் கிராணியாக, அதாவது அலுவலக எழுத்தராக, இருந்தவர். ஞாயிறுதோறும் தோட்டத்துச் சிற்றாலயத்தில் ஆர்மோனியம் வாசித்து, வேதநாயக சாஸ்திரியார் கீர்த்தனைகளைப் பாடியவர். அந்த ஆர்மோனியம் இப்போது துணி போட்டு மூடிக் கிடக்கிறது.

படித்த நூலையும் கேட்ட இசையையும் அன்றாட விசுவாச வாழ்க்கையோடு பொருத்திப் பார்த்து, அதை எழுதிப் பிறரோடு பகிர்வதை ஓர் ஊழியமாகவே செய்து வருகிறேன். தற்போது எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகத்தை இரண்டாம் முறையாகப் படிக்கிறேன். 1894இல் வெளிவந்த அந்தக் காப்பியத்தில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட செய்யுள்கள் உள்ளன; அவரைக் கிறிஸ்தவக் கம்பர் என்று அழைப்பது எவ்வளவு பொருத்தம் என்பது படிக்கப் படிக்கப் புரிகிறது.

ஆனால் கேட்பதற்கு ஆளில்லை. கோலாலம்பூரில் வேலை செய்யும் மகளுக்கு நாள்தோறும் காலையில் புலனத்தில் (வாட்ஸ்அப்) அனுப்புகிறேன். கூப்பிய கைகளின் படம் ஒன்று வரும், அவ்வளவுதான். சில நாள்களில் அதுவும் இல்லாமல், "பசியாறிட்டீங்களாம்மா?" என்று மட்டும் கேட்கிறாள். மாதர் சங்கத்தில், ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக், இயேசுவின் பாடுகளையும் மரணத்தையும் இசையாக்கிய மத்தேயு பாடுகள் என்ற படைப்பைப் பற்றிப் பேசத் தொடங்கினேன். ஐந்து நிமிடத்தில் முடிக்கச் சொல்லிவிட்டார்கள். சபை இளையோருக்குக் கிதாரும் டிரம்மும் போதும், கீர்த்தனை வேண்டாம். நான் இரவு இரண்டு மணி வரை விழித்திருந்து குறிப்பெடுக்கிறேன். இவர் போன பத்து மாதமாக எனக்கு ஜெபம் வருவதில்லை என்பதால் அந்த நேரமும் படிப்புக்கே கிடைக்கிறது, அது இருக்கட்டும். பெற்ற மகள் ஒரு வரியாவது பதில் எழுதக் கூடாதா? எத்தனை நாள்தான் கூப்பிய கைகளையே பார்த்துக்கொண்டிருப்பது? ஐந்து நிமிடம் என்று கறாராகச் சொன்னவர் என்னிடம் படித்த பெண். என் பகிர்வுக்கு மதிப்பு கிடைக்க நான் என்ன செய்ய வேண்டும்?

வாசகி, சுங்கை சிப்புட்

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தில் மாதர் சங்கத்தின் ஐந்து நிமிடம் இருமுறை வருகிறது. மகளின் கூப்பிய கைகளும் இருமுறை வருகின்றன. கணவரின் மறைவோ ஒரே இடத்தில், ஒரு வாக்கியத்தின் நடுவில் தலைகாட்டி, "அது இருக்கட்டும்" என்று ஒதுக்கப்படுகிறது. அதை அப்படியே இருக்கவிட எனக்கு மனமில்லை.

கிராணியார் வீட்டு அம்மாவாகவும், பள்ளியில் டீச்சராகவும், சபையில் நாலு பேருக்கு ஆறுதல் சொல்பவராகவும் வாழ்ந்த ஒருவருக்கு, "எனக்கு ஜெபம் வரவில்லை" என்று வாய்விட்டுச் சொல்வது எளிதன்று. அது விசுவாசக் குறைவாகத் தோன்றிவிடுமோ என்ற அச்சம் உங்களுக்கு இருக்கலாம். ஆனால் உங்கள் வேதாகமம் அதற்கு இடம் வைத்திருக்கிறது. 13ஆம் சங்கீதம் "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று தொடங்கினாலும், முடிவில் பாட்டுக்குத் திரும்பிவிடுகிறது. 88ஆம் சங்கீதம் கடைசி வரியிலும் திரும்புவதில்லை. நேசித்தவர்கள் தூரமாகிப்போன இருளிலேயே நின்றுவிடுகிறது. அதையும் ஜெபம் என்றுதான் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள்.

நீங்கள் தேர்ந்தெடுத்த இசையும் அப்படிப்பட்டதுதான். 1727இல் பாக் அமைத்த அந்தப் படைப்பு உயிர்த்தெழுதல் வரை செல்வதில்லை. பாடகர் குழு கல்லறையருகே கண்ணீரோடு அமர்வதோடு அது முடிகிறது. மாதர் சங்கத்தில் நீங்கள் பேச விரும்பியது இசையைப் பற்றி மட்டும்தான் என்று நான் நம்பவில்லை. ஆனால் அங்கிருந்த பெண்களுக்கு அது எப்படித் தெரியும்? இரண்டரை மணி நேரத்துக்கும் மேல் நீளும் இசையைப் பற்றிய உரை என்றே அவர்கள் எண்ணியிருப்பார்கள். உங்கள் மாணவி சொன்ன ஐந்து நிமிடத்தை அவமதிப்பாகக் கொள்ளாதீர்கள். இளையோர் கீர்த்தனையைக் கைவிட்டார்கள் என்று வருந்துகிறீர்கள். உங்கள் வீட்டிலும் பத்து மாதமாக அது ஒலிக்கவில்லையே அம்மா.

மகள் விஷயத்தில் நான் அவள் பக்கம் நிற்கிறேன். அவளும் தகப்பனை இழந்தவள். கிருஷ்ணபிள்ளைக்கு மூலமாக அமைந்தது ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட கதை. அதில் முதுகுச் சுமையோடு சேற்றில் அமிழ்ந்து தவிக்கும் யாத்திரிகனிடம், உதவி என்றே பெயர் கொண்ட ஒருவர் வருகிறார். வந்ததும் அவர் கேட்பது, இங்கே என்ன செய்கிறாய் என்பதுதான். யாத்திரிகன் தான் விழுந்த விதத்தை உள்ளபடி சொல்கிறான். அதன் பிறகே கை நீள்கிறது. "பசியாறிட்டீங்களாம்மா?" என்பது அந்தக் கேள்விதான். நீங்களோ அதற்குப் பதிலாக நூல் குறிப்பை அனுப்பிவைக்கிறீர்கள். அம்மா எப்படி இருக்கிறாள் என்று அறிய விரும்பும் பெண், அதைப் படித்துவிட்டுக் கைகூப்புவதைத் தவிர வேறு என்ன செய்வாள்?

நாளைக் காலை அவள் கேட்டால், பசியாறினீர்களா இல்லையா, இரவு எத்தனை மணிக்குப் படுத்தீர்கள் என்பதை மட்டும் எழுதுங்கள். ஜெபம் வரவில்லை என்பதையும் அவளிடமே முதலில் சொல்லுங்கள். இரண்டு மணி வரை விழிப்பது மாதக்கணக்கில் தொடர்ந்தால், அரசாங்க கிளினிக்கில் மருத்துவரைப் பாருங்கள். அடுத்த முறை மகள் ஊருக்கு வரும்போது, அந்த ஆர்மோனியத்தின் மேல் கிடக்கும் துணியை இருவருமாகச் சேர்ந்து எடுங்கள். அன்று அவளுக்குப் படித்துக் காட்ட எதையும் எடுத்துவைக்க வேண்டாம்.