வார நாளில் கையில் இருப்பது இரண்டு மணி நேரம்

அன்புள்ள ஐயா,

ஓஎம்ஆரில் ஐடி வேலை. 9 முதல் 6 வரை ஆபீஸ், போக வர கம்பெனி பஸ்ஸில் மூன்று மணி நேரம். ஏழாவது படிக்கும் மகள், கும்பகோணத்தில் தனியாக இருக்கும் அப்பா, உறையோடு கிடக்கும் வீணை. இந்த மூன்றும்தான் எனக்கு முக்கியம். ஆனால் எத்தனை டைம்டேபிள் போட்டாலும் புதன்கிழமைக்குள் குலைந்துவிடுகிறது. எங்கே தவறுகிறேன்?

வாசகி, சென்னை

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மன உறுதியில் குறை இல்லை, கணக்கில்தான் பிசகு. வாரத்துக்கு 168 மணி நேரம். தூக்கம் ஏழு மணி வீதம் 49, ஆபீஸ் 45, பஸ் 15, சமையல் குளியல் சாப்பாடு வீட்டுவேலை நாளுக்கு மூன்று வீதம் 21. ஆகமொத்தம் 130, மிச்சம் 38. ஆனால் அதில் 28 மணி நேரம் சனி, ஞாயிறில் கிடக்கிறது. வார நாளில் கையில் நிற்பது இரண்டு மணி நேரம். அதற்குள் மூன்றையும் திணித்தால் எந்த டைம்டேபிளும் தாங்காது. விடியற்காலை நாலரைக்கு அலாரம் வைத்தும் பலர் பார்க்கிறார்கள். படுக்கும் நேரத்தை முன்னே தள்ளாததால் நாலாம் நாள் உடம்பு படுத்துவிடுகிறது.

முதலில் ஒரு வாரம் நோட்டில் எழுதுங்கள், அரைமணிக்கு ஒரு வரி. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுத வேண்டும். ராத்திரி நினைவிலிருந்து எழுதினால் போனில் போன பத்துப் பத்து நிமிஷங்கள் விட்டுப்போகும். ஆண்ட்ராய்டில் டிஜிட்டல் வெல்பீயிங், ஐபோனில் ஸ்கிரீன் டைம் காட்டுவதையும் பக்கத்தில் எழுதிவையுங்கள்.

அடுத்து, ‘குடும்பம்’, ‘சங்கீதம்’ என்று எழுதியிருப்பதை அடித்துவிட்டு, செய்யப்போகும் காரியமாக எழுதுங்கள். ‘அப்பாவை நன்றாகப் பார்த்துக்கொள்வது’ என்பதை வைத்து வியாழக்கிழமை மாலை ஒன்றும் முடிவு செய்ய முடியாது. ‘செவ்வாய், வியாழன் 6:15க்கு, பஸ் கிளம்பியதும் அப்பாவுக்குப் போன்’ என்றால் முடியும். நீங்கள் வீடு சேர ஏழரை ஆகும். அப்போது மகளும் காத்திருப்பாள், அப்பாவும் தூங்கப் போகும் நேரம். அந்த ஒரே நேரத்துக்கு இரண்டு பேரையும் போட்டி போட வைக்காதீர்கள், பஸ் நேரத்தை அப்பாவுக்குக் கொடுங்கள். எட்டு முதல் எட்டரை மகளுக்கு, போன் வேறு அறையில்.

வீணையை வார நாளில் வைக்கவே வேண்டாம். விட்ட கைக்கு ஏழு தந்தியையும் சுருதி சேர்க்கவே கணிசமான நேரம் போகும், இருபது நிமிஷத்தில் வாசிப்பு எங்கே வரும்? சனிக்கிழமை காலை ஒரு மணி நேரம் முழுசாகக் கொடுங்கள்.

சனி, ஞாயிறின் 28ஐயும் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். துணி, மாவு அரைப்பது, மளிகை, விருந்தாளி என்று மீதி தானே நிறைந்துவிடும். கல்யாணங்களில் நெருங்கிய சொந்தம் தவிர மற்றவற்றுக்கு ரிசப்ஷனில் தலைகாட்டினால் போதும். கூப்பிட்டவரிடம் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். ‘பார்க்கலாம்’ என்று சொல்லிவைத்தால், கடைசியில் போய்த்தான் ஆக வேண்டியிருக்கும்.

தந்தி மாற்றி நாளாகியிருந்தால் முதல் சனிக்கிழமை அந்த வேலைக்கே போய்விடும். அதையும் வாசித்த நேரமாகவே நோட்டில் எழுதுங்கள்.