ரசிகர்களின் நம்பிக்கையைக் கால்பந்து கழகங்கள் மீட்பது எப்படி?

இழந்த நம்பிக்கையை மீட்கக் கால்பந்து உரிமையாளரும் பயிற்சியாளரும் என்ன செய்ய வேண்டும் என்ற கேள்விக்கு, இங்கிலாந்தின் லிவர்பூல் கழகத்தின் அனுபவமே தக்க விடை. 2016 பிப்ரவரியில், சில இருக்கைகளுக்கு 77 பவுண்டு கட்டணம் அறிவிக்கப்பட்டதை எதிர்த்து, சண்டர்லாந்துக்கு எதிரான ஆட்டத்தின் 77ஆவது நிமிடத்தில் ஆயிரக்கணக்கான ரசிகர்கள் எழுந்து வெளியேறினர். அப்போது லிவர்பூல் 2-0 என முன்னிலையில் இருந்த ஆட்டம் 2-2 என டிராவில் முடிந்தது. சில நாள்களிலேயே உரிமையாளர்கள் மன்னிப்புக் கேட்டு, அந்தக் கட்டணத்தைக் கைவிட்டனர்.

அதே உரிமையாளர்கள்தான் 2021 ஏப்ரலில், ரசிகர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல், பெரிய கழகங்கள் தமக்கெனத் தனியாகத் தொடங்க முயன்ற ஐரோப்பிய சூப்பர் லீக் என்ற போட்டித்தொடரில் சேர்வதாக அறிவித்தார்கள். எதிர்ப்பு வெடித்ததும் முதன்மை உரிமையாளர் ஜான் ஹென்றி காணொளியில் மீண்டும் மன்னிப்புக் கேட்டார். இரண்டாம் மன்னிப்பை யார் நம்புவார்கள்? ஆகவே, ரசிகர் பிரதிநிதிகள் குழு ஒன்றை அமைத்து, முக்கிய முடிவுகளில் அதனுடன் கலந்துபேசும் கடமையைக் கழகத்தின் சட்டதிட்டங்களிலேயே எழுதிவைத்ததைத்தான் நான் உண்மையான பரிகாரமாகக் கருதுகிறேன். அப்போதைய பயிற்சியாளர் யுர்கன் குளோப்போ, லீட்ஸ் அணியுடனான ஆட்டத்துக்கு முன்பே, தானும் வீரர்களும் சூப்பர் லீக்கில் சேரும் முடிவில் பங்கேற்கவில்லை என்றும் அத்திட்டம் தமக்கு உவப்பானதல்ல என்றும், சம்பளம் தருபவர் முகம் சுளிப்பாரே என்று தயங்காமல், தொலைக்காட்சியிலேயே சொல்லிவிட்டார்.